வெப்பம் எங்கே போகிறது?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

கணினி விளையாட்டு என்றதும் முகம் சுளிப்பவர்கள் நம்மிடையே உண்டு. காலத்தைக் கொல்லும் கருவி, கண்ணைக் கெடுக்கும் களியாட்டம் என்று அதை ஒரேயடியாகத் தள்ளிவிடுகிறார்கள். அவர்கள் கூற்றில் பாதி உண்மை இருக்கிறது. ஆயினும், பத்து மதிப்பெண்ணுக்காக நாம் மனப்பாடம் செய்யும் வெப்ப இயக்கவியல் விதிகளுக்கு உயிர் கொடுக்கும் விளையாட்டு ஒன்று உண்டு என்பதையும், அதே விளையாட்டு ஓர் இடத்தில் நம்மை ஏமாற்றுகிறது என்பதையும் இங்கே எடுத்துரைக்க விரும்புகிறேன்.

கனடா நாட்டின் க்ளெய் நிறுவனம் 2019-ஆம் ஆண்டில் முழுமையாக வெளியிட்ட 'ஆக்சிஜன் நாட் இன்க்ளூடட்' என்பதே அது. ஒரு சிறுகோளின் வயிற்றுக்குள் மூன்று பேர் குடியேறுகிறார்கள். பாறையைக் குடைந்து அறை கட்ட வேண்டும். காற்று, நீர், உணவு, மின்சாரம் அனைத்தையும் தேடிக்கொள்ள வேண்டும். பெயரைப் பார்த்தால் பிராணவாயுதான் பெரும் பிரச்சினை என்று தோன்றும். சில நாள் ஆடினால் உண்மைப் பகைவன் யாரென்று தெரியும். அவன் பெயர் வெப்பம்.

அங்கே ஏறத்தாழ எல்லா எந்திரங்களும் வெப்பத்தைக் கக்குகின்றன. 600 வாட் மின்சாரம் தரும் நிலக்கரி மின்னாக்கி ஒவ்வொரு வினாடியும் 9,000 அலகு வெப்பம் விடுகிறது. நீரைப் பிரித்துப் பிராணவாயு தரும் எந்திரம் அதைக் குறைந்தது 70 டிகிரி செல்சியஸில்தான் வெளியிடும். குடியினர் முதலில் பயிரிடும் மீல்வுட் செடியோ 30 டிகிரிக்கு மேல் வளராது. ஓசையின்றி அறைகள் சூடேறும், செடி நின்றுபோகும், பிறகு பசி வரும். பசி என்று கதவைத் தட்டுவது, என்றோ நாம் கவனிக்காமல் விட்ட வெப்பம்!

இதற்கு ஆட்டக்காரர் என்ன செய்வார்? வெப்பம் கடத்தாத காப்புச் சுவர் எழுப்புவார். அது வெப்பத்தைத் தாமதப்படுத்துமே ஒழிய, உள்ளே இருக்கும் எந்திரத்தின் சூட்டைப் போக்காது. பனிக்கட்டியைத் தேடிக் கொண்டுவருவார்; அதுவும் உருகித் தீரும். கடைசியில் குழாய் நீரை 14 டிகிரி குளிர்விக்கும் 'அக்வாடியூனர்' எந்திரத்திடம் வருவார். அது 1,200 வாட் மின்சாரம் கேட்கும். நீரிலிருந்து பிடுங்கிய வெப்பத்தையெல்லாம் தன் உடம்பில் ஏற்றிக்கொள்ளும். ஒரு பக்கம் குளிர வேண்டுமானால் இன்னொரு பக்கம் கொதித்தாக வேண்டும். இரண்டாம் விதியைக் கரும்பலகையில் எழுதிக் காட்டுவதைக் காட்டிலும் இது மனத்தில் ஆழப் பதிகிறது.

அந்த எந்திரத்தை ஒரு தனி அறையில் அடைத்து, அதன் சூட்டில் நீரை ஆவியாக்கி, மேலே நீராவிச் சுழலியை வைப்பது ஆட்டக்காரர்களின் வழக்கம். சுழலிக்கு 125 டிகிரிக்குக் குறையாத நீராவி தேவை. சாதாரண உலோகத்தால் செய்த அக்வாடியூனர் அந்தச் சூட்டிலேயே பழுதாகிவிடும் என்பதால் எஃகைத் தேடி அலைவார்கள். இதுவரை எல்லாம் சரி.

ஏமாற்று இனிமேல்தான். 200 டிகிரி நீராவி வினாடிக்கு 2 கிலோ உள்ளே போய், 95 டிகிரி நீராக வெளியே வருகிறது. ஏறத்தாழ 8,78,000 அலகு வெப்பம் அதனிடமிருந்து எடுக்கப்படுகிறது. விளையாட்டின் அலகை ஒரு ஜூலாகக் கொண்டால், கிடைக்கும் மின்சாரம் 850 மட்டுமே. பத்தில் ஒரு பங்கு சுழலியிலேயே சூடாகத் தங்குகிறது. மிச்சம்? மாயமாய் மறைந்துவிடுகிறது! மெய்யுலகில் கார்னோ 1824-இல் வகுத்த வரம்பின்படி, இந்த இரு வெப்பநிலைகளுக்கு இடையே எப்பேர்ப்பட்ட எந்திரமும் 22 விழுக்காட்டுக்கு மேல் வேலையாக மாற்ற இயலாது. மீதி 78 பங்கும் எங்கோ ஓரிடத்தில் கொட்டப்பட்டே தீர வேண்டும்.

விண்வெளியில் அந்தக் கொட்டுமிடம் இன்னும் அரிது. வெற்றிடத்தில் காற்று வந்து சூட்டை வாங்கிப் போகாது. கதிர்வீச்சு ஒன்றே வழி. பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் உள்ளே ஓடும் நீர் வெப்பத்தை வாங்கி, வெளியே ஓடும் அம்மோனியாவிடம் ஒப்படைக்கிறது. அம்மோனியா அதைப் பெரிய தகடுகளுக்குக் கொண்டுசெல்ல, அங்கிருந்து அது வெளியில் கதிராகப் போகிறது. அந்த அமைப்பின் திறன் 70 கிலோவாட். 1973 மே மாதம் ஏவப்பட்ட ஸ்கைலாப் நிலையம் ஏறும்போதே தன் மேற்கவசத்தை இழந்தது. உள்ளே வெப்பம் 50 டிகிரியைத் தாண்டியது. பின்னால் சென்ற வீரர்கள் குடை போன்ற ஒரு மறைப்பை விரித்த பிறகே அது குடியிருக்கத் தக்கதாயிற்று.

விண்வெளி நமக்கு எட்டாத தூரம் என்பீர்கள். சந்துக்கு வாருங்கள். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசல் மிதித்த முதல் ஆள் நான். எங்கள் வீட்டுக்குச் சிமென்ட் ஷீட் கூரை. அடுத்த மாடி வீட்டில் ஓடும் ஏ.சி.யின் வெளிப்பெட்டி எங்கள் சந்தைப் பார்த்திருக்கிறது. ஒன்றரை டன் ஏ.சி. முழுத் திறனில் ஓடினால் அறையிலிருந்து 5.3 கிலோவாட் வெப்பத்தை எடுக்கும். அது உண்ணும் மின்சாரம் ஒன்றரை கிலோவாட் என்று கொண்டால், 6.8 கிலோவாட் அனல் வெளியே வரும். அந்த வீட்டாரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. வெயில் யாருக்கும் வெயில்தான். ஆனால் அந்த அனலில் அமர்ந்து அம்மா சோறு வடிப்பதை நான் கணக்கில் சேர்க்காமல் இருக்க முடியுமா?

விளையாட்டில் குளிர்ந்த அறையும் கொதிக்கும் அறையும் ஒரே ஆட்டக்காரருக்குச் சொந்தம். ஆகவே கொட்டிய சூடு தன்னிடமே திரும்பும் என்று அவர் அஞ்சுகிறார், திட்டமிடுகிறார். ஊரிலோ குளிர் ஒருவருக்கு, அனல் இன்னொருவருக்கு. அதனால்தான் கேள்வி எழுவதே இல்லை. வீட்டு வரைபடம் போடும்போதே வெளிப்பெட்டி எந்தப் பக்கம் பார்க்கும், கூரைக்கு வெள்ளை பூசினால் என்ன, எங்கே ஒரு மரத்துக்கு இடம் விடலாம் என்று கேட்பதற்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை.

நாளை நம்மில் சிலர் பொறியாளராகலாம்; சிலர் ஆசிரியராகலாம்; சிலர் நகராட்சி அலுவலகத்தில் மனைக்கு அனுமதி தரும் மேசையில் அமரலாம். விளையாட்டின் மாயச் சுழலி எந்தக் கடையிலும் கிடைக்காது, நண்பர்களே! குளிர்ச்சிக்கு வழி செய்யும் எவரும், "இந்த வெப்பம் யார் வீட்டு வாசலுக்குப் போகிறது?" என்று ஒரு முறை கேட்டுவிட்டுக் கையெழுத்திடட்டும். நாம் படித்த இயற்பியலுக்கு அதுவே பயன்.