தீவில் இறங்க நமக்கு ஏது உரிமை?

பெருநாள் நெருங்கிவிட்டால் தக்கலையிலும் திருவிதாங்கோட்டிலும் கோட்டாற்றிலும் குடும்பங்கள் வேன் பேசத் தொடங்கிவிடுகின்றன. விவேகானந்தர் பாறையும் கண்ணாடிப் பாலமும் பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டன. இப்போது மன்னார் வளைகுடாத் தீவுகளுக்கு ஒரே நாளில் போய்த் திரும்பவேண்டும் என்பதே பேச்சு. படைப்பைக் காணப் பயணம் செய்வதை மார்க்கம் தடுக்கவில்லை. குர்ஆன் அதைத் தூண்டவே செய்கிறது. வனத்துறையின் கண்ணில் படாமல் மீன்பிடிப் படகொன்றைப் பேசி, ஆளில்லாத் தீவில் இறங்கி, அடுப்பு மூட்டிப் பிரியாணி ஆக்கிவரலாம் என்று திட்டமிடுவதைத்தான் நாம் எதிர்க்கிறோம்.

தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடைப்பட்ட அந்த 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த கடலும் 1986ஆம் ஆண்டு கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதியின்றி அங்கே நுழைவது குற்றம். "பூமி அல்லாஹ்வுடையது, தடுக்க இவர்கள் யார்?" என்று நம்மவரே சிலர் கேட்கின்றனர். பூமி அல்லாஹ்வுடையது என்றால் நம் கையில் இருப்பது அமானத்து. மதீனாவின் எல்லைக்குள் மரம் வெட்டுவதையும் வேட்டைப் பிராணியை விரட்டுவதையும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அன்று எந்த ஸஹாபியும் இப்படிக் கேட்கவில்லை.

அந்தத் தீவுகளைத் தாங்குபவை பவளப்பாறைகள். அவற்றில் பாறைபோல் திரளும் வகை ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தாலே பெரிது. ஒரு படகின் நங்கூரம் ஒரு நொடியில் உடைப்பதைக் கடல் மீண்டும் கட்டப் பல்லாண்டுகள் வேண்டும். சுண்ணாம்புக்காகவும் கட்டடத்துக்காகவும் பவளக்கல்லை வெட்டி வெட்டியே பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்னும் இரு தீவுகள் நீருக்குள் போயின. வான் தீவும் தேய்ந்து, அதைக் காக்கச் செயற்கைப் பாறைகளை அரசு கடலில் இறக்க நேர்ந்தது. அலையின் வேகத்தைப் பாறைத்திட்டுகள் தணிக்கும் என்பதைப் பிறர் அறியாவிட்டாலும் நாம் அறியவேண்டும். 2004 டிசம்பர் 26 அன்று குளச்சலிலும் கொட்டில்பாட்டிலும் மையித்துகளைச் சுமந்த மாவட்டம் இது.

போக விரும்புவோர் முறையாகப் போகலாம். பாம்பன் அருகே குந்துகாலிலிருந்து குருசடைத் தீவுக்கு வனத்துறையே படகு விடுகிறது. அன்றைய நிலவரத்தை முன்னரே விசாரித்துக்கொள்க. நாகர்கோவிலிலிருந்து அங்கே 300 கிலோமீட்டருக்குச் சற்றேறக்குறைய வரும். நள்ளிரவில் புறப்பட்டு மறு நள்ளிரவில் திரும்புவதென்றால் உறங்காத ஓட்டுநரின் கையில் பிள்ளைகளின் உயிரை ஒப்படைக்கிறோம். இரண்டு நாளாக வையுங்கள். செலவு கூடும், கூடட்டும்.

தொழுகையின் கணக்கும் புறப்படும் முன்பே போடப்பட வேண்டும். பயணத்தில் ளுஹரையும் அஸரையும் சுருக்கிச் சேர்த்துத் தொழ ஷாஃபிஈ மத்ஹபில் அனுமதி உண்டு. ஹனஃபிகள் சுருக்கியே தொழவேண்டும், ஆனால் அந்தந்த வக்தில் தொழவேண்டும். நன்னீர் இல்லை என்று சாக்குச் சொல்லவும் வழியில்லை. கடல்நீரில் உளூ செய்யலாம் என்பது ஹதீஸில் தெளிவாக வந்த செய்தி. பிரியாணி அண்டாவைச் சுமக்க நான்கு பேர் முன்வருகிறார்கள், தொழுகை விரிப்பை எடுத்துவைக்க ஒருவருக்கும் நினைவில்லை. சமைத்ததைப் பொட்டலமாகக் கட்டிக் கரையிலேயே உண்டால் வீட்டுப் பெண்களுக்கும் அது ஒருநாள் ஓய்வாகும். நெகிழிப்பை ஒன்றுகூடக் கடலுக்குள் போகக் கூடாது; ஆமைகள் அதை இரையென்று விழுங்குகின்றன.

காற்று முரண்டிப் படகு விடவில்லையென்றால் தனியார் படகைத் தேடி அலையாதீர்கள். திரும்பும் வழியில் கீழக்கரை பழைய ஜும்ஆப் பள்ளியைப் பிள்ளைகளுக்குக் காட்டி, அங்கேயே அஸர் தொழுதுவிட்டு வாருங்கள்.