பந்தாட இடம் எங்கே? கூட ஆட ஆள் எங்கே?

டென்னிஸ் ஆட்டத்தைப் பற்றித் தொழிலாளர் பத்திரிகையில் என்ன பேச்சு என்று சிலர் கேட்கலாம். கூலி உயர்வு, பஞ்சப்படி, குடிமனைப் பட்டா, ரேஷன் அரிசி என்று ஆயிரம் பிரச்சினைகள் இருக்க, வெள்ளைக் கால்சட்டை போட்டுக்கொண்டு வலைக்கு இரு பக்கமும் நின்று பந்தடிப்பது நமக்கு எதற்கு என்பார்கள்.

நமக்கும்தான் என்கிறோம் நாம். ஆட்டம் ஆடுகிறவனுக்குச் சொந்தம். அது பணக்காரன் ஆட்டம் என்று எந்தப் பந்திலும் எழுதியிருக்கவில்லை.

பெரிய நகரத்தில் இந்த ஆட்டத்தை ஆட விரும்புகிறவருக்கு இரண்டு தேவை. ஒன்று இடம். மற்றொன்று, எதிரே நின்று ஆட ஒரு ஆள். ஆனால் இரண்டும் ஒரே வாசலுக்குப் பின்னால் பூட்டிக் கிடக்கின்றன. இடம் கிளப்பில் இருக்கிறது. ஆட்டம் தெரிந்த ஆளும் கிளப்பில்தான் இருக்கிறார். உள்ளே போக அங்கத்தினராக வேண்டும். அதற்குப் பணமும் வேண்டும், ஏற்கெனவே உள்ளே இருப்பவரின் சிபாரிசும் வேண்டும். கிளப்பு இல்லையென்றால் மணிக்கு இவ்வளவு என்று வாடகை. ஒரு நாள் கூலியை ஒரு மணி நேர ஆட்டத்திற்குக் கொடுக்க எந்தத் தொழிலாளியால் முடியும்?

இடம் அதிகம் தேவைப்படும் ஆட்டம் என்கிறார்கள். கணக்குப் பார்ப்போம். கோடுகளுக்குள் நீளம் 78 அடி, அகலம் 36 அடி. ஓடி ஆடச் சுற்றிலும் விடும் இடத்தையும் சேர்த்தால் 120 அடிக்கு 60 அடி. அதாவது 7,200 சதுர அடி. சென்னைக் கணக்கில் மூன்று கிரவுண்டு. ஒரு ஏக்கரில் ஆறு களம் போடலாம். இவ்வளவுதான் சமாச்சாரம். கேள்வி இடம் இருக்கிறதா என்பதல்ல. இடம் யார் கையில் இருக்கிறது என்பதே.

இதற்கு இரண்டு பேருடைய வாழ்க்கையே சாட்சி. ஒருவர் பஞ்சாலைத் தொழிலாளியின் மகன். மற்றவர் பருத்திக் காட்டு விவசாயியின் மகள்.

பிரட் பெர்ரி 1909-ல் இங்கிலாந்தின் ஸ்டாக்போர்ட் நகரில் பிறந்தார். அவர் தகப்பனார் சாமுவேல் பெர்ரி பஞ்சாலையில் நூற்புத் தொழிலாளியாக இருந்தவர். கூட்டுறவு இயக்கத்தில் உழைத்துப் பின்னர் பார்லிமெண்டுக்கும் போனவர். குடும்பம் லண்டனுக்கு வந்தபோது ஈலிங் பகுதியில் பிரெந்தம் என்னும் குடியிருப்பில் தங்கியது. அது சாதாரணக் குடியிருப்பு அல்ல. குடியிருப்போரே கூட்டாகப் பங்கு வைத்து 1901-ல் தொடங்கியது. வீடு கட்டியவர்கள் மூலை முடுக்கையெல்லாம் வாடகைக்கு விட்டுக் காசாக்கவில்லை. பொதுமன்றமும் டென்னிஸ் களங்களும் விளையாட்டு மைதானமும் அமைத்தார்கள். சிறுவன் பெர்ரிக்கு இடமும் கிடைத்தது, கூட ஆட அக்கம்பக்கத்து ஆட்களும் கிடைத்தார்கள்.

அவர் 1934, 1935, 1936 என்று தொடர்ந்து மூன்று ஆண்டுகள் விம்பிள்டனில் வென்றார். சீமான்களுக்கு இது பொறுக்குமா? 1934-ல் அவர் முதல்முறை வென்ற அன்று, தோற்றவரே சிறந்த ஆட்டக்காரர் என்று நிர்வாகி ஒருவர் சொன்னது குளியலறையிலிருந்த தம் காதில் விழுந்ததாகப் பெர்ரி எழுதியிருக்கிறார். பந்து எந்தப் பக்கம் விழுந்தது என்பதைவிட ஆள் எந்த வர்க்கத்தில் விழுந்தவன் என்பதே அவர்களுக்குப் பெரிது!

அடுத்தவர் அல்தியா கிப்சன். 1927-ல் அமெரிக்காவின் தென் கரோலினாவில் பிறந்த கறுப்பினப் பெண். பெற்றோர் பருத்திக் காட்டில் வாரத்துக்குச் சாகுபடி செய்தவர்கள். விளைச்சல் பொய்த்தது. பிழைப்புத் தேடி நியூயார்க்கின் ஹார்லெம் பகுதிக்குக் குடும்பம் வந்தது. தஞ்சையிலும் இராமநாதபுரத்திலும் இருந்து சென்னைக்கும் திருப்பூருக்கும் மூட்டை கட்டிய குடும்பங்களுக்கு இந்தக் கதையை விளக்க வேண்டியதில்லை.

ஹார்லெமில் மைதானம் எங்கே? ஆனால் அங்கே 143-வது தெருவில் பகலில் வண்டிகளை மறித்து, குழந்தைகள் விளையாடத் தெருவையே விட்டிருந்தார்கள். அங்கே பலகை மட்டையால் அல்தியா பந்தடித்தாள். பட்டி வாக்கர் என்ற இசைக்கலைஞர் அவள் கைவேகத்தைக் கவனித்தார். மட்டை வாங்கிக் கொடுத்துச் சுவரில் அடித்துப் பழக்கினார். கறுப்பின மக்கள் நடத்திய கிளப்பு ஒன்றில் அவள் சேரவும் பயிற்சி பெறவும் ஹார்லெம் மக்கள் பணம் வசூலித்துக் கொடுத்தார்கள். வெள்ளையர் சங்கம் கறுப்பினத்தாரைத் தன் போட்டிகளில் சேர்க்காத காலம் அது. ஆகவே 1916-லேயே கறுப்பினத்தார் தங்களுக்கென ஒரு டென்னிஸ் சங்கம் கண்டிருந்தார்கள். 1950-ல் தான் அந்த நிறத் தடையை உடைத்து அல்தியா அமெரிக்க தேசியப் போட்டியில் இறங்கினார். 1957-லும் 1958-லும் விம்பிள்டனில் வென்றார்.

கூட ஆட ஆள் வேண்டும் என்றோமே, அந்தக் கதையும் இதில் உண்டு. 1956-ல் இரட்டையர் ஆட்டத்தில் அல்தியாவின் பக்கம் நின்றவர் ஏஞ்சலா பக்ஸ்டன் என்ற ஆங்கிலேய யூதப் பெண். யூதர் என்பதால் லண்டன் கிளப்பு ஒன்று தம்மைச் சேர்க்கவில்லை என்று சொன்னவர் அவர். ஒருத்தியை நிறம் வெளியே நிறுத்தியது. மற்றவளை மதம் வெளியே நிறுத்தியது. வெளியே நின்ற இருவரும் கைகோத்தார்கள். அந்த ஆண்டு பிரெஞ்சுப் பட்டத்தையும் விம்பிள்டன் பட்டத்தையும் சேர்ந்தே வென்றார்கள்.

அதோடு முடிந்ததா? 1968 வரை விம்பிள்டனில் வென்றாலும் பரிசுப் பணம் கிடையாது. சொந்தப் பணம் உள்ளவனே ஆடட்டும் என்பதே அந்தச் சட்டத்தின் உட்பொருள். கோப்பை வாங்கிய அல்தியா முதுமையில் நோயிலும் வறுமையிலும் விழுந்தார். 1995-ல் அவர் உதவி தேடியதும் ஏஞ்சலாவைத்தான். ஏஞ்சலா டென்னிஸ் பத்திரிகை ஒன்றின் மூலம் செய்தியைச் சொன்னார். ஆட்ட ரசிகர்கள் பணம் அனுப்பினார்கள். எதிரே ஆடவும் பக்கத்தில் நிற்கவும் ஆள் கிடைப்பது சின்ன விஷயமல்ல!

இந்த இரண்டு பேருக்கும் இடம் எப்படிக் கிடைத்தது? ஒரு சீமான் மனமிரங்கித் தன் கதவைத் திறந்ததால் அல்ல. ஒருவருக்குக் கூட்டுறவு நிலம். மற்றவருக்குப் பொதுத் தெருவும் ஏழைகளின் வசூலும். பொதுச் சொத்தும் பொது முயற்சியும் இருந்த இடத்தில் திறமை வெளிவந்தது. அவை இல்லாத இடங்களில் எத்தனை பெர்ரிகள், எத்தனை அல்தியாக்கள் மண்ணோடு போனார்களோ!

இப்போது நம் ஊருக்கு வருவோம். சென்னையில் இடம் இல்லை என்று சொல்கிறவர்கள் கிண்டி குதிரைப் பந்தய மைதானத்தை மறந்துவிடுகிறார்கள். சுமார் 160 ஏக்கர். 1945-ல் 99 ஆண்டுக் குத்தகை. ஆண்டு வாடகை 614 ரூபாய் சொச்சம்! குடிசைவாசி ஒரு மாதம் கொடுக்கும் வாடகைகூட இதைவிட அதிகம். 2024 செப்டம்பரில்தான் சர்க்கார் குத்தகையை ரத்து செய்து நிலத்தை எடுத்தது. அத்தனை காலமும் அங்கே குதிரை ஓட இடம் இருந்தது. கோல்ப் பந்து உருள இடம் இருந்தது. தொழிலாளி வீட்டுக் குழந்தை ஓட மட்டும் இடம் இல்லை! அந்த நிலத்தில் மழைநீர் தேங்கக் குளமும் வேண்டும், நிழலுக்கு மரமும் வேண்டும். அத்துடன் ஒரு மூலையில் பத்து ஏக்கர் விட்டால் எத்தனை ஆட்டங்களுக்குக் களம் அமையும்!

இடம் மட்டும் போதுமா? நேரம் வேண்டாமா? எட்டு மணி வேலை, எட்டு மணி ஓய்வு, எட்டு மணி நம் விருப்பம் போல் வாழ என்று உலகத் தொழிலாளர்கள் முழங்கினார்கள். 1886-ல் சிக்காகோவில் அதற்காக இரத்தம் சிந்தினார்கள். 1923-ல் தோழர் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் மே தினக் கொடியை ஏற்றினார். அந்த மூன்றாவது எட்டு மணியில்தான் படிப்பு இருக்கிறது, பாட்டு இருக்கிறது, பந்தாட்டமும் இருக்கிறது. அதே சென்னையில் 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழி செய்யும் மசோதா சட்டமன்றத்தில் நிறைவேற்றப்பட்டது. தொழிற்சங்கங்கள் கொதித்தெழுந்தன. அந்த மே தினத்தன்றே அது வாபஸ் என்று அறிவிக்க நேர்ந்தது. பன்னிரண்டு மணி நேரம் இயந்திரத்தோடு நின்றவன் மட்டையையா தூக்குவான்? பாயைத்தான் தேடுவான்.

ஆகவே நாம் கேட்பது இது. தொழிலாளர் குடியிருப்பு ஒவ்வொன்றிலும் மாநகராட்சி பொது மைதானம் அமைக்க வேண்டும். மட்டையும் பந்தும் வலையும் அங்கேயே கிடைக்க வேண்டும். கட்டணம் கூடாது. ஷிப்டு முடிந்து வருகிறவருக்கு இரவிலும் விளக்கு எரிய வேண்டும். பெண் குழந்தைகளுக்குத் தனி நேரமும் பயிற்சியும் வேண்டும். இருக்கும் மைதானங்களைத் தனியாருக்குக் குத்தகை விடக்கூடாது. கிராமத்தில் புறம்போக்கை வளைத்துப் போட்ட மிராசுதாரிடமிருந்து அதை மீட்டு, சேரிக் குழந்தையும் ஊர்க் குழந்தையும் ஒன்றாக ஆடும் திடலாக்க வேண்டும்.

சர்க்கார் செய்யட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம். 1930-களில் பிரிட்டிஷ் தொழிலாளர் இயக்கத்தார் தங்களுக்கென்று ஒரு ‘தொழிலாளர் விம்பிள்டன்’ நடத்தினார்கள். நம் சங்கங்களும் வாலிபர் மன்றங்களும் ஏன் செய்யக்கூடாது? ஒரு காலி மனை, ஒரு வலை, நாலு மட்டை போதும். ஆட ஆள் தேடி அலைய வேண்டாம். பக்கத்துத் தறியில் நிற்கிறாரே, அவர்தான் ஆள்.

தோழர்களே! கூலி கேட்ட வாயால் மைதானமும் கேட்போம். வயிற்றுக்குச் சோறு கேட்பவன் வாழ்க்கையைக் கேட்கக்கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை.