ஒரு பாடத்துக்குப் பத்து வாத்தியார்!

பதின்மூன்றில் ஒன்பது போனால் எத்தனை?

"நாலு" என்று நீங்கள் உடனே சொல்லிவிடுவீர்கள். எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? அதைக் கேட்டால் கொஞ்சம் யோசிப்பீர்கள்.

சிலர் விரல் விட்டு எண்ணுவார்கள். சிலர், "பத்தில் ஒன்பது போனால் ஒன்று, அதோடு மூன்று சேர்த்தால் நாலு" என்பார்கள். வேறு சிலர் முதலில் மூன்றை எடுத்துவிட்டுப் பத்தாக்கிக் கொள்வார்கள். பிறகு மீதி ஆறை எடுப்பார்கள். "ஒன்பதோடு எத்தனை போட்டால் பதின்மூன்று வரும்?" என்று கூட்டிப் பார்க்கிறவர்களும் உண்டு. கடையில் சில்லறை கொடுக்கிறவர் இந்தக் கடைசி வழியைத்தான் பிடிப்பார்.

விடை ஒன்று. வழி நாலு!

இதைப் போன்ற ஒரே ஒரு பாடத்துக்காக, ஜப்பான் நாட்டில் வாத்தியார்கள் வாரக்கணக்கில் கூடிப் பேசுகிறார்கள். ஒருவர் இருவர் அல்ல. ஒரு பள்ளிக்கூடத்து வாத்தியார்கள் எல்லோருமே சேர்ந்து உட்காருவது உண்டு.

இதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர், "ஜுகியோ கென்கியூ". ஜுகியோ என்றால் பாடம். கென்கியூ என்றால் ஆராய்ச்சி. பாட ஆராய்ச்சி! பெயர் பெரிதாக இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். விஷயம் எளிது.

என்ன செய்கிறார்கள்?

பிள்ளைகளுக்கு வராத பாடம் ஒன்றை எடுத்துக் கொள்கிறார்கள். போன வருஷம் அதை எப்படி நடத்தினோம், எந்த இடத்தில் பிள்ளைகள் பிடித்துக் கொண்டார்கள், எந்த இடத்தில் விழித்தார்கள் என்று ஒவ்வொருவரும் சொல்கிறார்கள். பிறகு எல்லோரும் சேர்ந்து புதிதாகப் பாடத்தைத் திட்டம் போடுகிறார்கள்.

திட்டம் என்றால், "பக்கம் 20 முதல் 24 வரை" என்று எழுதி வைப்பது அல்ல. வாத்தியார் கேட்கப்போகும் கேள்வி என்ன, அதற்குப் பிள்ளைகள் என்னென்ன பதில் சொல்வார்கள், தப்பாகச் சொன்னால் எப்படிச் சொல்வார்கள், அப்போது வாத்தியார் என்ன செய்வது... இவ்வளவும் அதில் இருக்கும்.

கணக்கில் எந்த எண்ணைக் கொடுப்பது என்பதற்கே பெரிய வாக்குவாதம் நடக்கும்!

ஏன் அப்படி? பதின்மூன்றில் ஒன்பதுக்குப் பதில் பன்னிரண்டில் மூன்று என்று கொடுத்துப் பாருங்கள். பிள்ளை "பதினொன்று, பத்து, ஒன்பது" என்று பின்னாலேயே எண்ணி விடை சொல்லிவிடும். பத்தைப் பற்றி நினைக்க அதற்கு அவசியமே இல்லை. ஆனால் ஒன்பது என்பது பத்துக்கு அடுத்த வீடு. "பத்திலிருந்து எடுத்தால் என்ன?" என்ற யோசனை பிள்ளைக்கே தோன்றும். எண்ணை மாற்றினால் பிள்ளையின் மூளை போகும் வழியே மாறுகிறது.

நாம் இந்தக் கணக்குக்கு, "கடன் வாங்கிக் கழித்தல்" என்று பெயர் வைத்திருக்கிறோம். "கடன் வாங்கினோமே, எப்போது திருப்பிக் கொடுப்பது?" என்று கேட்கிற பிள்ளைகள் உண்டு. நியாயமான கேள்விதான்!

திட்டம் தயார் ஆனதும், ஒருவர் நிஜ வகுப்பில், நிஜப் பிள்ளைகளுக்கு அந்தப் பாடத்தை நடத்துகிறார். மற்ற வாத்தியார்கள் கையில் திட்டத்தோடு சுவர் ஓரமாக நின்று பார்க்கிறார்கள். மற்ற வகுப்புப் பிள்ளைகளை அன்று சீக்கிரமாகவே வீட்டுக்கு அனுப்பி விடுவதும் உண்டு.

பார்க்க வந்தவர்கள் பிள்ளைகளுக்கு உதவக் கூடாது. "இப்படிப் போடு கண்ணு" என்று காதில் சொல்லக் கூடாது. எந்தப் பிள்ளை எப்போது பென்சிலை எடுத்தது, எதை எழுதி எதை அழித்தது, பக்கத்துப் பிள்ளையிடம் என்ன கேட்டது என்று குறித்துக் கொள்வதுதான் அவர்கள் வேலை. அவர்கள் பார்ப்பது வாத்தியாரை அல்ல, பிள்ளையை!

கரும்பலகையிலும் ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள். இடது ஓரத்தில் ஆரம்பித்து வலது ஓரம் வரை எழுதிக்கொண்டே போவார்கள். பாடம் முடியும் வரை நடுவில் அழிக்க மாட்டார்கள். மணி அடிக்கும்போது பாடம் முழுவதும் பலகையில் இருக்கும். நடுவில் கவனம் தப்பிய பிள்ளை கூட, பலகையைப் பார்த்துப் பாடத்தைப் பிடித்துக் கொள்ளலாம்.

வகுப்பு முடிந்ததும் எல்லோரும் உட்காருகிறார்கள். பாடம் நடத்தியவர் முதலில் பேசுகிறார். பிறகு மற்றவர்கள். "நீ நன்றாக நடத்தினாய், நீ மோசமாக நடத்தினாய்" என்ற பேச்சு இல்லை. பாடத் திட்டம் எல்லோரும் சேர்ந்து போட்டது. ஆகவே, குறை இருந்தால் எல்லோருக்கும் பங்கு. "மூன்றாவது வரிசைப் பிள்ளை இந்தக் கேள்வியில் நின்றுவிட்டது. கேள்வியை எப்படி மாற்றலாம்?" இதுதான் பேச்சு. சில சமயம் திருத்திய பாடத்தை வேறு ஒருவர், வேறு வகுப்பில், மறுபடி நடத்திப் பார்ப்பார்.

எப்படி வந்தது?

இந்தப் பழக்கம் நேற்று வந்தது அல்ல. 1872-ல் ஜப்பான் அரசாங்கம் நாடு முழுவதும் பள்ளிக்கூடங்கள் திறக்கச் சட்டம் போட்டது. அதற்கு முன்பு அங்கே "தெராகோயா" என்ற சிறு பள்ளிகள் இருந்தன. நம் ஊர்த் திண்ணைப் பள்ளிக்கூடம் போல! ஒவ்வொரு பிள்ளையும் தனித்தனியாக எழுதிப் பழகும். புதுப் பள்ளிக்கூடத்திலோ ஒரே அறையில் ஏகப்பட்ட பிள்ளைகள். இத்தனை பேருக்கும் ஒரே சமயத்தில் எப்படிச் சொல்லிக் கொடுப்பது? வாத்தியார்களுக்கே அது புதிது. ஒருவர் வகுப்பை மற்றவர் போய்ப் பார்த்துக் கற்றுக் கொள்ள ஆரம்பித்தார்கள். அது இன்றுவரை நிற்கிறது.

1999-ல் அமெரிக்காவில் ஸ்டிக்லர், ஹீபர்ட் என்ற இரண்டு பேராசிரியர்கள் ஒரு புத்தகம் எழுதினார்கள். ஜப்பான், ஜெர்மனி, அமெரிக்கா ஆகிய மூன்று நாட்டுக் கணக்கு வகுப்புகளைப் படம் பிடித்துப் பார்த்து, அவர்கள் எழுதிய புத்தகம் அது. அதன் பிறகுதான் மற்ற நாடுகள் இந்தப் பாட ஆராய்ச்சியைத் திரும்பிப் பார்த்தன.

கைப்பக்குவம்

இதில் நமக்கு என்ன?

ஒரு வீட்டில் வற்றல் குழம்பு மணக்கிறது. மருமகள், "எப்படி அத்தை வைத்தீர்கள்?" என்று கேட்கிறாள். "அது கைப்பக்குவம் அம்மா" என்று பதில் வருகிறது. பக்குவத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது. அடுப்புப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும்.

பாடம் சொல்லிக் கொடுப்பதும் அப்படித்தான். நம் ஊர்ப் பள்ளிக்கூடங்களில் கெட்டிக்கார டீச்சர்கள் இருக்கிறார்கள். பிள்ளைகளுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வைக்க, பின்னக் கணக்குப் புரியவைக்க, தங்களுக்கென்று ஒரு வழி வைத்திருப்பார்கள். அது பக்கத்து அறைக்குத் தெரியாது. அடுத்த ஊருக்குத் தெரியவே தெரியாது. அவர் ஓய்வு பெறும் நாளில் மாலை போட்டு, சால்வை போர்த்தி அனுப்பி வைக்கிறோம். முப்பது வருஷப் பக்குவமும் அவர் கூடவே வீட்டுக்குப் போய்விடுகிறது!

இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. பாடம் தோற்றுப் போனால், "ஏன்?" என்று வாத்தியார் யோசிப்பார். பாடம் ஜெயித்தால் யாரும் யோசிப்பது இல்லை. "இன்று நன்றாகப் போயிற்று" என்று சந்தோஷமாகப் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிடுவார். ஏன் நன்றாகப் போயிற்று? கேள்வியாலா, கொடுத்த எண்ணாலா, புளியங்கொட்டையை வைத்து எண்ணச் சொன்னதாலா? அது தெரியாவிட்டால், அடுத்த வருஷம் அதே பாடம் ஜெயிக்கும் என்பதற்கு என்ன நிச்சயம்?

சென்னையில் நடந்தது

நம் வாத்தியார்களால் இது முடியாதா? முடியும். முடிந்திருக்கிறது.

2003-ல் சென்னை மாநகராட்சி கமிஷனராக இருந்தவர் எம்.பி.விஜயகுமார். அப்போது மாநகராட்சி ஆசிரியர்கள் ஆந்திராவில் மதனப்பள்ளி அருகே உள்ள ரிஷிவேலிக்குப் போனார்கள். அங்கே சுற்றுப்புறக் குக்கிராமங்களில், ஒரே அறையில், பல வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரே ஆசிரியர் சொல்லிக் கொடுப்பதைப் பார்த்தார்கள். பாடத்தைச் சிறு சிறு படிகளாகப் பிரித்து அட்டைகளில் எழுதி வைத்திருந்தார்கள். பிள்ளை ஒரு படியை முடித்த பிறகு அடுத்த படி.

சென்னை ஆசிரியர்கள் திரும்பி வந்து தாங்களே உட்கார்ந்து அட்டைகள் தயார் செய்தார்கள். முதலில் 13 பள்ளிக்கூடங்களில் ஆரம்பித்தார்கள். பெஞ்சு போயிற்று, பாய் வந்தது. டீச்சர் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்தார். சுவரைச் சுற்றிலும் பிள்ளைகள் கைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை வந்தது. அதற்கு வைத்த பெயர் "செயல்வழிக் கற்றல்".

பிறகு அது மாநிலம் முழுவதும் ஆரம்பப் பள்ளிகளுக்குப் போயிற்று. போன வேகத்தில் ஒரு சங்கடமும் வந்தது. சென்னையில் அட்டையைச் செய்தவருக்கு, அந்த அட்டை ஏன் அப்படி இருக்கிறது என்று தெரியும். மற்ற ஊர்களுக்கு அட்டை பெட்டியில் போய் இறங்கியது. யோசனை பெட்டியில் போகுமா? "பாடப் புத்தகம் எங்கே, பரீட்சை எங்கே?" என்று கேட்ட பெற்றோர்களுக்குப் பதில் சொல்லவே ஆசிரியர்கள் சிரமப்பட்டார்கள்.

2022-ல் "எண்ணும் எழுத்தும்" திட்டம் வந்தது. பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலையாகப் பார்த்துச் சொல்லிக் கொடுக்கும் முறை. நல்ல யோசனைதான். ஆனால் எத்தனை திட்டம் வந்தாலும், தன் வகுப்பில் எது பலித்தது என்று ஆசிரியர் மற்றவர்களிடம் சொல்ல ஓர் இடம் வேண்டும். அந்த இடம் இல்லாவிட்டால், ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

இடம் இருக்கிறது!

புது இடம் தேட வேண்டியது இல்லை. "குறுவள மையம்" என்று இருக்கிறது. பக்கத்துப் பக்கத்துப் பள்ளிக்கூடத்து ஆசிரியர்கள் கூடும் இடம் அது. ஆனால் பல கூட்டங்கள் எப்படிப் போகின்றன? ஒருவர் பேசுகிறார், மற்றவர்கள் குறித்துக் கொள்கிறார்கள். புள்ளி விவரம், படிவம், செல்போனில் பதிவு என்று பாதி நேரம் கரைந்து விடுகிறது.

அந்தக் கூட்டத்தைப் பிள்ளைகள் இருக்கும் நாளில் வைத்தால் என்ன? காலையில் முதல் ஒரு மணி நேரம், அந்தப் பள்ளிக்கூடத்திலேயே ஒரு வகுப்பு நடக்கட்டும். பத்து ஆசிரியர்கள் நின்று பார்க்கட்டும். பிறகு பேசட்டும். மாதம் ஒரு பள்ளிக்கூடம் என்று முறை வைத்துக் கொள்ளலாம்.

"எங்கள் பள்ளிக்கூடத்தில் இருப்பதே இரண்டு ஆசிரியர்கள். ஒருவர் கூட்டத்துக்குப் போனால் ஐந்து வகுப்பையும் யார் பார்ப்பது?" என்று கேட்பார்கள். நியாயம். ஈராசிரியர் பள்ளிகள் நம் நாட்டில் ஏராளம். அந்தப் பள்ளிகளுக்கு அன்று ஒரு நாள் மாற்று ஆசிரியர் அனுப்ப வேண்டியது அதிகாரிகள் பொறுப்பு. இந்தச் செலவுக்குக் கணக்குப் பார்க்கக் கூடாது.

அதிகாரிகளுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவர்கள் தாராளமாக வரட்டும். மற்றவர்களைப் போலச் சுவர் ஓரம் நின்று பார்க்கட்டும். ஆனால், கையில் குறிப்பேட்டோடு வந்து, பாடம் நடத்தியவருக்கு மார்க் போட்டால் காரியம் கெட்டது! அடுத்த மாதம் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே பாடம் சொல்லிக் கொடுத்து, நாடகம் நடத்துவார்கள். நாடகம் பார்க்கவா பத்துப் பேர் வேலையை விட்டு வருவது?

பெற்றோர்களுக்கும் இதில் வேலை உண்டு. 2009-ம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர்கள் இருக்க வேண்டும். பாதிப் பேர் பெண்கள். இந்தக் குழுவில் கூரை ஒழுகுவதையும் தண்ணீர்க் குழாயையும் பற்றிப் பேசுகிறோம். பேச வேண்டியதுதான். கூடவே, "என் பெண் பள்ளிக்கூடத்தில் கழித்தல் கணக்குக்கு அழுகிறாளாம், வீட்டில் கடைக்கு அனுப்பினால் சில்லறையைச் சரியாக எண்ணி வாங்கி வருகிறாளே!" என்று ஒரு தாய் சொன்னால், அது ஆசிரியருக்கு எவ்வளவு பெரிய தகவல்! அடுத்த பாடத்தைக் கடைச் சில்லறையில் இருந்தே ஆரம்பித்துவிடலாம்.

ஆசிரியர் கூட்டம் என்றால் பிள்ளைக்குப் படிப்பு நஷ்டம் என்று நினைக்கும் பெற்றோர்கள் இருக்கிறார்கள். அன்று அங்கே நடப்பது பாடமாக இருந்தால் நஷ்டம் இல்லை. கூட்டம் முடிந்து வரும் டீச்சரிடம், "இன்று எந்தப் பாடம் பார்த்தீர்கள்?" என்று கேளுங்கள். அவர் சந்தோஷமாகச் சொல்வார்.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்ததும், முதல் கூட்டத்துக்கு எந்தப் பாடத்தை எடுப்பது என்று யோசிக்க வேண்டாம். கடன் வாங்கிக் கழித்தலையே எடுத்துக் கொள்ளலாம். ஒரு கரும்பலகையும், பிள்ளைக்குப் பதின்மூன்று புளியங்கொட்டையும் இருந்தால் போதும்.