கையால் செய்த பொங்கல் வாழ்த்து

பொங்கல் நெருங்குகிறது. கரும்பும் மஞ்சள் கொத்தும் புதுப் பானையும் கடைத் தெருவுக்கு வந்துவிடும். ஒரு பொருளை மட்டும் இப்போது அதிகம் காண முடிவதில்லை. அதுதான் பொங்கல் வாழ்த்து அட்டை.

ஒரு காலத்தில் மார்கழி பிறந்ததும் கடை வாசலில் கயிறு கட்டி வாழ்த்து அட்டைகளைத் தொங்க விடுவார்கள். காளை மாடு, பொங்கல் பானை, சாமி படம், தலைவர் படம், சினிமா நட்சத்திரம் என்று விதவிதமாக இருக்கும். சிறுவர்கள் காசு சேர்த்து வாங்குவார்கள். உறையை ஒட்டாமல் மடக்கிச் செருகி, "புக் போஸ்ட்" என்று எழுதித் தபால் பெட்டியில் போடுவார்கள். ஒட்டாத உறைக்குத் தபால் செலவு குறைவு அல்லவா?

இன்று வாழ்த்து கைபேசியில் வருகிறது. யாரோ செய்த படத்தை ஒருவர் நூறு பேருக்கு அனுப்புகிறார். அந்த நூறு பேரும் அதையே மற்றவர்களுக்கு அனுப்புகிறார்கள். மறுநாள், "இடம் போதவில்லை" என்று எல்லாவற்றையும் அழித்துவிடுகிறோம்.

கைபேசியை நாம் குறை சொல்லவில்லை. அவசரச் செய்திக்கு அதுபோல் உதவுவது வேறு இல்லை. வெளிநாட்டில் இருக்கும் மகனின் முகத்தைத் தாய் பார்க்கிறாள். அது பெரிய காரியம்தான். ஆனால் வாழ்த்து என்பது அவசரச் செய்தி அல்ல. "உன்னை நினைத்தேன்" என்று சொல்வதே வாழ்த்து. நினைக்காமலே அனுப்பினால் அதில் என்ன இருக்கிறது?

அட்டை பிறந்த கதை

அச்சடித்த வாழ்த்து அட்டையும் அவசரத்தில் பிறந்ததுதான்! 1840-ல் இங்கிலாந்தில் ஒரு பென்னிக்குக் கடிதம் அனுப்பும் வசதி வந்தது. கடிதங்கள் குவிந்தன. லண்டனில் ஹென்றி கோல் என்பவர் இருந்தார். எல்லோருக்கும் தனித் தனியாக எழுத அவருக்கு நேரம் இல்லை. 1843-ல் ஜான் ஹார்ஸ்லி என்ற ஓவியரைக் கொண்டு ஒரு படம் வரையச் சொன்னார். சுமார் 1,000 அட்டைகள் அச்சாயின. ஒன்றின் விலை ஒரு ஷில்லிங். அதுவே முதல் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை என்கிறார்கள்.

நம் நாட்டில் 1879-ல் தபால் கார்டு வந்தது. விலை காலணா. ஏழைகளும் ஊர் விட்டு ஊர் சேதி அனுப்ப வழி பிறந்தது.

நேரம் இல்லாதவருக்கும், கையால் செய்ய விரும்புகிறவருக்கும் பொருந்துகிற வழி ஒன்று உண்டு. அதுதான் அச்சு. ஒரு முறை செதுக்கினால் போதும். இருபது அட்டை அடிக்கலாம். ஆனால் ஒவ்வொன்றிலும் உங்கள் கை படும்!

அச்சு நமக்குப் புதிது அல்ல

மொகஞ்சதாரோவில் கிடைத்த முத்திரைகள் நாலாயிரம் ஆண்டுக்கு மேற்பட்டவை. கல்லில் மிருகங்களையும் எழுத்துக்களையும் செதுக்கி, ஈரக் களிமண்ணில் அழுத்தினார்கள். சோழ மன்னர்களின் செப்பேடுகளை ஒரு வளையத்தில் கோத்து, அதில் முத்திரை வைத்தார்கள். அதில் சோழரின் புலி, பாண்டியரின் மீன், சேரரின் வில் மூன்றும் இருக்கும். ஜெய்ப்பூர் அருகே உள்ள சங்கானேரில் இன்றும் மரக் கட்டையில் பூவைச் செதுக்கித் துணியில் அச்சிடுகிறார்கள். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு கட்டை.

அவ்வளவு தூரம் போவானேன்? மாவை நிரப்பித் தட்டினால் வாசலில் கோலம் விழுகிற தகர அச்சு நம் வீட்டிலேயே இருக்கிறது.

ரப்பர் பிறகு வந்தது. அது பென்சில் எழுத்தை அழிக்கும் என்று 1770-ல் பிரீஸ்ட்லி என்ற விஞ்ஞானி எழுதி வைத்தார். ஆனால் வெயிலில் ரப்பர் பிசுபிசுத்தது. குளிரில் விறைத்தது. 1839-ல் அமெரிக்காவின் சார்லஸ் குட்இயர் அதில் கந்தகம் சேர்த்துச் சூடாக்கினார். ரப்பர் உறுதிப்பட்டது. அதன் பிறகே ரப்பர் ஸ்டாம்பு செய்ய முடிந்தது.

எப்படிச் செய்வது?

காசு அதிகம் வேண்டாம். அடுப்படிக்குப் போங்கள். முற்றின வெண்டைக்காயைக் குறுக்கே நறுக்குங்கள். நறுக்கிய முகத்தைப் பாருங்கள். ஐந்து இதழ்ப் பூ! வாழை மட்டையை நறுக்கினால் கண் கண்ணாக அழகான வளைவு. வெங்காயத்தை நறுக்கினால் வளையத்துக்குள் வளையம்.

பானை, கரும்பு, சூரியன் வேண்டுமா? உருளைக் கிழங்கை இரண்டாக நறுக்குங்கள். ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுங்கள். பென்சிலால் படம் வரையுங்கள். படத்தை விட்டுவிட்டுச் சுற்றிலும் கால் அங்குல ஆழத்துக்குச் செதுக்கி எடுங்கள். மேடாக நிற்பதுதான் தாளில் விழும். செதுக்கும் வேலை பெரியவர்களுடையது. சிறுவர் கையில் கத்தியைக் கொடுக்காதீர்கள்.

கிழங்கு அச்சு ஒரு நாள்தான் தாங்கும். பென்சில் அழிக்கும் ரப்பரில் செதுக்கினால் பல ஆண்டு வரும்.

எழுத்து வெட்டும்போது கவனம் வேண்டும். அச்சில் இடம் வலமாக மாறும். 'ப' எழுத்துக்குக் கவலை இல்லை. 'தை' தலைகீழ் ஆகிவிடும்! இதற்கு ஒரு வழி உண்டு. மெல்லிய தாளில் பென்சிலால் அழுத்தி எழுதுங்கள். எழுதிய பக்கத்தை ரப்பர் மேல் கவிழ்த்து வைத்து, பின்னால் நகத்தால் தேயுங்கள். எழுத்து ரப்பரில் திரும்பி விழும். அதை அப்படியே வெட்டினால் தாளில் சரியாக வரும்.

மைக்கு, கடையில் விற்கும் ஸ்டாம்ப் பேடு போதும். இல்லாவிட்டால் பழைய துணியை நாலாக மடித்து ஒரு மூடியில் வையுங்கள். தண்ணீர் அதிகம் இல்லாமல் குழைத்த வர்ணத்தை அதன் மேல் தடவுங்கள். அட்டைக்கு அடியில் பழைய செய்தித்தாளை மடித்து வையுங்கள். அச்சை நேராக வைத்து, அழுத்தி, நேராக எடுங்கள். தேய்க்கக் கூடாது. முதலில் கழிவுத் தாளில் அடித்துப் பாருங்கள். நன்றாகக் காய்ந்த பிறகே மடிக்க வேண்டும்.

அட்டைக்கு எங்கே போவது? பழைய கல்யாணப் பத்திரிகையில் வெறுமையாக இருக்கும் பக்கத்தை வெட்டி எடுங்கள். நல்ல கனமான அட்டை!

ஒரு வரி எழுதுங்கள்

படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் உள்ளே கையால் எழுதிய வரி ஒன்று வேண்டும். "நலமா? சித்திரையில் வருகிறோம்" என்று எழுதினாலே போதும்.

நடுத்தர வயதில் எழுத்துக் கற்றவர்கள் நம்மிடையே பலர் இருக்கிறார்கள். கையெழுத்துப் போட மட்டும் அல்ல, கடிதம் எழுதவும் அந்த எழுத்து பயன்பட வேண்டாமா? பிழை இருந்தால் இருக்கட்டும். கோணல் எழுத்தைப் பார்த்து உங்கள் தங்கை சிரிக்க மாட்டாள். அக்கா எழுதியிருக்கிறாள் என்று நாலு பேரிடம் காட்டுவாள்.

பள்ளிப் பிள்ளைகளைப் பாருங்கள். பாட்டியின் பெயர் பலருக்குத் தெரியும். பாட்டி வீட்டு முகவரி தெரியாது. ஓர் அட்டை அனுப்ப வேண்டுமானால் கதவு எண், தெரு, ஊர், பின்கோடு எல்லாம் கேட்டு எழுத வேண்டும். இந்த 6 இலக்கப் பின்கோடு 1972 ஆகஸ்டு 15-ல் வந்தது. தமிழ்நாட்டில் அது 6-ல் தொடங்கும். இவ்வளவும் ஓர் அட்டையில் பிள்ளை கற்றுக்கொள்ளும்.

ஆகவே ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். அரையாண்டுப் பரீட்சை முடிந்ததும் ஓவிய வகுப்பில் ஒரு மணி நேரத்தை இதற்கு ஒதுக்குங்கள். ஒவ்வொரு பிள்ளையும் ஒரே ஓர் அட்டை செய்யட்டும். பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளை செய்வதைத் திருத்தாதீர்கள். பானை சாய்ந்திருந்தாலும் பொங்கல் பொங்கும்!

யாருக்கு அனுப்புவது? ஊரில் தனியாக இருக்கும் பெரியவர்களுக்கு முதலில் அனுப்புங்கள். கைபேசியில் படம் பார்க்கத் தெரியாதவர்கள் அவர்களில் பலர். கையில் வாங்கிய அட்டையைக் கண்ணாடி மாட்டிப் படிப்பார்கள். சுவரில் சாமி படத்தின் ஓரத்தில் செருகி வைப்பார்கள். அடுத்த தை வரை அது அங்கேயே இருக்கும்.

பொங்கலுக்கு ஒரு வாரம் முன்னதாகவே தபாலில் சேர்த்துவிடுங்கள். எவ்வளவு தலை ஒட்ட வேண்டும் என்று தபால் நிலையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் வீட்டில் ஓர் அச்சுக் குத்துகிறீர்கள். தபால்காரர்கள் அதன் மேல் ஊர் பெயரும் தேதியும் கொண்ட இன்னோர் அச்சுக் குத்துவார்கள். அதோடு உங்கள் அன்பு வழி பார்த்துப் போய்ச் சேரும்.