ஓராண்டா, இரண்டாண்டா?
நாலு வருடம் மென்பொருளில் குப்பை கொட்டியாயிற்று, இனி முதலீட்டு வங்கிதான் என்று கிளம்பியிருக்கிறான் அக்கா மகன். எம்.பி.ஏ. தரவரிசைப் பட்டியலை அனுப்பி, "எதுல சேரட்டும் மாமா?" என்கிறான். பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு நான் பார்ப்பது ஒன்றைத்தான்: படிப்புக்கு நடுவே கோடைக்கால இன்டர்ன்ஷிப் உண்டா? பெரிய வங்கிகள் அந்தக் கோடையில் பக்கத்தில் உட்காரவைத்து வேலை வாங்கிப் பார்த்தவர்களைத்தான் பிறகு நிரந்தரமாக எடுத்துக்கொள்ள விரும்புகின்றன. ஐ.ஐ.எம்.களின் இரண்டாண்டுப் படிப்பில் அது உண்டு; ஹைதராபாத் ஐ.எஸ்.பி.யின் ஓராண்டுப் படிப்பில் கிடையாது. பிரான்ஸின் இன்சியாட் இன்னும் வேடிக்கை. பத்து மாதப் படிப்பு, ஆனால் ஜனவரியில் சேர்பவருக்கு மட்டும் இன்டர்ன்ஷிப்புக்கு வசதியாகக் கோடை விடுமுறை. ஓராண்டுப் படிப்பில் ஒரு வருடச் சம்பளம் மிச்சம் என்று கணக்குப் போடுகிறவர்கள் இந்த இன்டர்ன்ஷிப் இழப்பைச் சேர்த்துக் கூட்டுவதில்லை. ஏற்கெனவே நிதித்துறையில் இருப்பவருக்கு ஓராண்டு போதும். வெளியிலிருந்து வருகிற இவனுக்கு இரண்டாண்டுதான் சரி.