பாளையம் டோல்கேட் தாண்டிய வண்டிக்குப் போன் போடாதீர்கள்

நாமக்கல்லில் ஒரு லாரி புக்கிங் ஆபீசில் கணக்கும் போனும் என் பொறுப்பு. கவுகாத்தியிலிருந்து கூப்பிட்டாலும் காந்திதாமிலிருந்து கூப்பிட்டாலும் ஓட்டுநர்கள் 'அக்கா' என்றுதான் பேச்சைத் தொடங்குவார்கள். அலுவலகத்தில் போன் பேசும் முறை பற்றி இப்போது கல்லூரிகளில் வகுப்பே நடக்கிறது. மூன்றாவது மணிக்குள் எடுங்கள், பெயரைச் சொல்லுங்கள், முகமலர்ச்சியோடு பேசுங்கள் என்கிறார்கள். நல்ல பாடம்தான். ஆனால் மறுமுனையில் இருப்பவரும் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார் என்று நினைத்து எழுதிய பாடம் அது. எங்கள் தொழிலில் அவர் கையில் ஸ்டியரிங் இருக்கிறது.

பெங்களூரிலிருந்து சேலத்துக்கு வரும் வண்டி தருமபுரியைத் தாண்டியதும் பாளையம் டோல்கேட் வரும். அதற்கப்பால் தொப்பூர் கணவாய் இறக்கம். பாரவண்டி அங்கே கீழ் கியரில்தான் இறங்க வேண்டும். பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் டிரம் சூடேறி, தேவைப்படும் நேரத்தில் பிடிக்காது. டீசல் மிச்சமாகும் என்று நியூட்ரலில் விடுகிறவர்களும் உண்டு. அந்த இறக்கத்து விபத்துச் செய்திகளைப் படிக்காதவர் சேலம், நாமக்கல் பக்கம் யாரும் இருக்க முடியாது. அதே இறக்கத்தில்தான் ஓட்டுநரின் போன் ஓயாமல் அடிக்கிறது. முதலாளி, லோடு கொடுத்த பார்ட்டி, நடுவில் நின்ற புரோக்கர், சரக்கு இறங்க வேண்டிய குடோன்காரர். சொந்த வண்டி என்றால் தவணை கேட்கும் பைனான்ஸ்காரரும் சேர்ந்துகொள்வார். முக்கால்வாசிப் பேர் கேட்பது ஒன்றே ஒன்றைத்தான்: "எங்க வந்துட்டிருக்க?"

இதைக் கேட்கவே வேண்டியதில்லை. 2021 பிப்ரவரியில் ஃபாஸ்டேக் கட்டாயமானது. டோல்கேட்டில் பணம் கழிந்ததும் பதிவு செய்த கைபேசிக்குச் செய்தி வந்துவிடுகிறது. பாளையத்தில் பணம் கழிந்தால் வண்டி கணவாயில் இறங்கப்போகிறது. ஓமலூரில் கழிந்தால் இறங்கிவிட்டது. இந்த இரண்டு செய்திகளுக்கும் நடுவில் அந்த ஓட்டுநரை யாரும் கூப்பிடக் கூடாது என்று எங்கள் ஆபீசில் விதி வைத்திருக்கிறோம். சரக்குக்கான இ-வே பில் காலாவதியாகிறதே என்று பதறி ஓட்டுநரைக் கூப்பிடுகிறவர்களும் உண்டு. சாதாரண சரக்குக்கு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்று கணக்கு. முடிவதற்கு 8 மணி நேரம் முன்பிருந்து, முடிந்த பின் 8 மணி நேரம் வரை நீட்டிக்க வழி இருக்கிறது. நாட்களை எண்ணி வைத்து அதைப் பார்க்க வேண்டியவர்கள் கணினி முன் உட்கார்ந்திருக்கிற நாங்கள். வண்டி ஓட்டுகிறவரை ஏன் அதற்காக அரட்ட வேண்டும்?

போன் எடுக்காவிட்டால் பார்ட்டி கோபித்துக்கொள்வார், லோடு கைமாறிவிடும் என்பார்கள். இந்த ஊரிலேயே அதற்குப் பதில் இருக்கிறது. நாமக்கல்லின் காஸ் டேங்கர் லாரிகள் லோடு ஏற்ற பிளான்ட்டுக்குள் போனால் கைபேசிக்கு அனுமதி இல்லை. உள்ளே எத்தனை மணி நேரம் ஆனாலும் வெளியே இருப்பவர்கள் காத்திருக்கிறார்கள். அதனால் எந்தக் கம்பெனியும் மூடிப்போகவில்லை. பிளான்ட்டில் காத்திருக்கத் தெரிந்தவர்களுக்குக் கணவாயிலும் காத்திருக்க முடியும்.

ஓட்டும்போது கைபேசியில் பேசினால் தமிழ்நாட்டில் 2022 அக்டோபர் முதல் அபராதம் 1,000 ரூபாய், மறுபடி சிக்கினால் 10,000. கட்டுவது ஓட்டுநர். கூப்பிட்டு எடுக்க வைத்தவருக்கு ஒரு பைசா செலவில்லை. சட்டம் அவரைத் தொடாத இடத்தில் மரியாதைதான் வேலை செய்ய வேண்டும்.

நேரில் யாரைப் பார்த்தாலும் 'ங்க' போடாமல் பேசாத ஊர் இது. டீக்கடையில் முன்பின் தெரியாதவரிடம்கூட "ஏனுங்க" என்போம். அதே வாயில், அப்பா வயதுள்ள ஓட்டுநரைப் போனில் "டேய்" என்று கூப்பிடும் இளம் முதலாளிகளைப் பார்க்கும்போது எனக்கு நெஞ்சு கொதிக்கிறது. எங்கள் ஆபீசில் முதல் வார்த்தையே "அண்ணா, வண்டி ஓடுதுங்களா, நிக்குதுங்களா?" என்பதுதான். ஓடுகிறது என்றால், "சரிங்கண்ணா, ஓரங்கட்டிட்டு மிஸ்டு கால் குடுங்க" என்று சொல்லி வைத்துவிடுவோம். வேறு பேச்சு கிடையாது.

எல்லாவற்றையும்விடக் கடினமானது வீட்டுச் சாவைச் சொல்வது. ஓட்டுநருக்கு லைன் கிடைக்காவிட்டால் குடும்பம் ஆபீசுக்குத்தான் பேசும். எடுத்ததும் சொல்லிவிடக் கூடாது. முதலில் அந்த ரோட்டில் நம் பக்கத்து வண்டி எது போகிறது என்று விசாரிப்போம். எந்த மாநிலமானாலும் நாமக்கல், திருச்செங்கோடு வண்டி ஒன்று அநேகமாக அகப்படும். லோடு விஷயமாகப் பேச வேண்டும் என்று சொல்லி நம் ஓட்டுநரைப் பங்க்கில் நிறுத்தச் சொல்வோம். அந்தப் பக்கத்து வண்டிக்காரர் வந்து அருகில் நின்ற பிறகுதான் விவரம் சொல்வோம். அதற்குள் வண்டியை எடுத்துவர மாற்று ஓட்டுநர், ஊர் திரும்ப டிக்கெட் இரண்டையும் பேசி முடித்திருப்போம். "யார் வண்டி எடுப்பாங்க?" என்ற கவலை அந்த நேரத்தில் ஓட்டுநருக்கு வரக் கூடாது.

நாமக்கல்லிலிருந்து இயங்கும் மாநில லாரி உரிமையாளர்கள் சம்மேளனத்திடமும் சேலம், சங்ககிரி, திருச்செங்கோடு சங்கங்களிடமும் ஒன்று கேட்கிறேன். லாரி ரசீதான எல்.ஆர். காப்பியில் ஓட்டுநரின் கைபேசி எண்ணை எழுதும் வழக்கத்தை நிறுத்தச் சொல்லுங்கள். ஆபீஸ் எண் மட்டும் இருக்கட்டும். பார்ட்டியோ புரோக்கரோ குடோன்காரரோ, எங்களைக் கேட்கட்டும். வண்டி எங்கே வருகிறது என்று நாங்கள் சொல்கிறோம். இரவு 2 மணிக்கும் போன் எடுக்க ஆள் வேண்டும், அந்தச் சம்பளத்தை முதலாளிகள்தான் கொடுக்க வேண்டும்.