பழைய இத்தாலிய வண்டியும் பழுது பார்க்கும் அறிவும்



பழைய இத்தாலிய மோட்டார் சைக்கிள் என்று பேச்செடுத்தால் உடனே ஒரு தீர்ப்பு வந்து விழும்: "பார்க்க அழகுதான், ஆனால் ஓட்டும் நேரத்தைவிடப் பழுது பார்க்கும் நேரமே அதிகம்." ஒரு மோட்டோ கூட்ஸி வி50 வண்டியைப் பல ஆண்டுகளாகப் பராமரித்து வருபவன் என்ற முறையில் இத்தீர்ப்பை நான் ஏற்பதில்லை. அவ்வண்டிகள் உரிமையாளரின் கவனத்தை எதிர்பார்க்கின்றன என்பது உண்மை. அந்த எதிர்பார்ப்பைக் குறையென்று சொல்வது சரியா என்பதே என் கேள்வி. நம் பிள்ளைகளின் கல்வியையும் தொடுகின்ற கேள்வி என்பதால் இதனை உங்கள் முன் வைக்கிறேன்.

முதலில் இவ்வண்டிகள் பிறந்த சூழலைப் பார்ப்போம். டுகாட்டி நிறுவனம் 1926-ஆம் ஆண்டு பொலோஞா நகரில் வானொலிக்கான பாகங்கள் செய்யத் தொடங்கிய நிறுவனம். இரண்டாம் உலகப் போரின்போது, 1944 அக்டோபரில், அதன் தொழிற்சாலை குண்டுவீச்சில் சிதைந்தது. போர் முடிந்தபோது இத்தாலிய மக்களிடம் கார் வாங்கப் பணம் இல்லை, மிதிவண்டி இருந்தது. மிதிவண்டியிலேயே பொருத்திக்கொள்ளத்தக்க 48 சிசி இயந்திரத்தை டுகாட்டி 1946 முதல் தயாரித்தது. அதன் பெயர் 'குச்சோலோ'. நாய்க்குட்டி என்று பொருள்.

மோட்டோ கூட்ஸியின் கதை இன்னும் பழையது. முதல் உலகப் போரில் இத்தாலியக் கடற்படையின் விமானப் பிரிவில் பணியாற்றிய கார்லோ கூட்ஸி, ஜார்ஜோ பரோடி, ஜொவன்னி ரவெல்லி ஆகிய மூன்று நண்பர்கள், போருக்குப் பின் மோட்டார் சைக்கிள் செய்வதெனத் திட்டமிட்டனர். ரவெல்லி 1919-இல் விமான விபத்தில் மாண்டார். மற்ற இருவரும் 1921-இல் நிறுவனத்தைத் தொடங்கியபோது, நண்பரின் நினைவாகச் சிறகு விரித்த கழுகைச் சின்னமாகக் கொண்டனர். கோமோ ஏரிக்கரையில் உள்ள மண்டெல்லோ டெல் லாரியோ எனும் சிற்றூரில் அவர்கள் அமைத்த தொழிற்சாலை இன்றும் இயங்கி வருகிறது.

அக்காலத்து வாகனங்கள் திறந்து பார்க்கப்படும், பழுது பார்க்கப்படும் என்ற எண்ணத்தோடு செய்யப்பட்டவை. இத்தாலியர் இதில் ஒருபடி மேலே சென்றனர். திறந்து பார்ப்பவரின் அறிவையும் மதித்தனர்.

எடுத்துக்காட்டாக, டுகாட்டியின் 'டெஸ்மோட்ரோமிக்' முறையைப் பாருங்கள். பொதுவாக இயந்திரத்தின் வால்வை ஒரு நெம்புகோல் திறக்கும். ஒரு சுருள்வில் மூடும். சுழற்சி வேகம் மிகும்போது சுருள்வில்லால் ஈடுகொடுக்க முடியாமல் வால்வு மூடத் தாமதிக்கும். 1954-இல் டுகாட்டியில் சேர்ந்த பொறியியலாளர் ஃபாபியோ தாலியோனி, மூடுவதற்கும் தனியாக ஒரு நெம்புகோலை வைத்தார். இம்முறையை முதலில் கண்டவர் அவர் அல்லர். ஆனால் மோட்டார் சைக்கிளில் அதனை நிலைநிறுத்தியவர் அவரே. 1956-இல் இம்முறையில் அமைந்த 125 சிசி பந்தய வண்டி, சுவீடனில் தான் பங்கேற்ற முதல் போட்டியிலேயே வென்றது. 1968-இல் இது சாலையில் ஓடும் வண்டிகளுக்கும் வந்தது. செப்பாங் பந்தயத்தில் நம் பிள்ளைகள் ஆரவாரத்தோடு பார்க்கும் டுகாட்டி வண்டிகளிலும் இம்முறையே தொடர்கிறது.

இதற்கு ஒரு விலை உண்டு. ஒவ்வொரு வால்வுக்கும் இரண்டு இடைவெளிகளை அளந்து, தக்க கனமுள்ள சிறு உலோகத் துண்டுகளை மாற்றி வைத்துச் சரிசெய்ய வேண்டும். அவசரக்காரருக்கு இவ்வேலை ஒத்துவராது.

மோட்டோ கூட்ஸியின் வழி வேறு. ஜூலியோ சேசரே கார்கானோ வடிவமைத்து 1967-இல் விற்பனைக்கு வந்த வி7 வண்டி முதல், அதன் இரு சிலிண்டர்களும் இடமும் வலமுமாக வெளியே நீட்டிக்கொண்டு நிற்கின்றன. காற்று நேராகப் பட்டு அவற்றைக் குளிர்விக்கிறது; நம் கையும் எளிதாக எட்டுகிறது. பின்சக்கரத்தைச் சங்கிலிக்குப் பதிலாக ஒரு தண்டு சுழற்றுகிறது. என் வி50-இல் நான்கு திருகாணிகளைக் கழற்றி மூடியை எடுத்தால் வால்வு நெம்புகோல்கள் கண்முன் நிற்கும். உள்வால்வுக்கு 0.15 மில்லிமீட்டர், வெளிவால்வுக்கு 0.20 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். மெல்லிய அளவுத் தகட்டை நுழைத்து இழுக்கும்போது விரலுக்குத் தெரியும் அந்த இலேசான பிடிப்பை எந்த நூலாலும் சொல்லித்தர இயலாது.

இவ்வண்டிகளுக்குக் குறைகளே இல்லையா? உண்டு. மின் இணைப்புகள் பலவீனமானவை. நம் ஊர் ஈரக் காற்றில் தொடர்புமுனைகள் விரைவில் பச்சை பூத்துவிடும். 1980-களின் தொடக்கம் முதல் டுகாட்டியின் பல வண்டிகளில் வால்வுகளை இயக்குவது இரப்பர் பெல்ட். ஓடினாலும் ஓடாவிட்டாலும் அது முதுமையடையும். ஓடும்போது அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி இயந்திரமே பாழாகும். ஆகவேதான் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை அதனை மாற்றச் சொல்கிறார்கள். சொன்னதைச் செய்யாமல் விட்டுவிட்டு இத்தாலியனைப் பழிப்பது நியாயமா?

உண்மையில் இவ்வண்டிகளுக்குப் பெரும் பகை, ஓடாமல் நிற்பதுதான். கார்புரேட்டரின் நுண்துளைகளில் பெட்ரோல் பிசினாகப் படியும், எண்ணெய்த் தடுப்பு இரப்பர்கள் வறண்டு வெடிக்கும், மின்கலம் செத்துப்போகும். இங்கேதான் இன்றைய போக்கு எனக்குக் கவலையளிக்கிறது. 1972-இல் இத்தாலியின் இமோலா நகரில் நடந்த 200 மைல் பந்தயத்தில் பால் ஸ்மார்ட் முதலாவதாகவும் புரூனோ ஸ்பாஜ்ஜாரி இரண்டாவதாகவும் டுகாட்டியில் வந்தனர். அவ்வெற்றியின் வழியில் 1974-இல் வெளிவந்த 750 சூப்பர் ஸ்போர்ட் வண்டி இன்று ஏலத்தில் ஒரு லட்சம் அமெரிக்க டாலரையும் தாண்டுகிறது. விலை ஏற ஏற, இத்தகைய வண்டிகள் கண்ணாடிப் பெட்டிக்குள் போகின்றன. சாவி திருகப்படாத வண்டி வெறும் உலோகச் சிலை என்பேன். இத்தாலியரே இதற்கு நல்ல வழி காட்டியுள்ளனர். 1953 முதல் 1957 வரை நடந்த 'மோட்டோஜிரோ' நெடுந்தூரப் பந்தயத்தை, பழைய வண்டிகள் ஓடும் விழாவாக 2001-இல் அவர்கள் மீட்டெடுத்தனர்.

பிள்ளைகளுக்கு இவ்வண்டியை வாங்கிக் கொடுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. உதிரிப்பாகங்களுக்கு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். 1970-களின் நடுப்பகுதிக்கு முந்தைய பல வண்டிகளில் கியர் வலக்காலில், பிரேக் இடக்காலில். கப்சாய் ஓட்டிப் பழகிய கால் அவசரத்தில் தடுமாறும். டயரும் பிரேக் குழாயும் புதியனவாகவே இருக்க வேண்டும். அவற்றில் பழமை பேசுவது உயிரோடு விளையாடுவதாகும்.

நான் வேண்டுவது இதைவிட எளியது. வகுப்பில் நெம்புகோலையும் பற்சக்கரத்தையும் படமாக வரைந்து காட்டுகிறோம். மாணவர்களும் மனனம் செய்து தேர்வில் எழுதுகிறார்கள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதை நாமே மறந்துவிடுகிறோம். அவர்கள் கையில் இருப்பவையோ திறக்கவே முடியாதபடி ஒட்டி மூடப்பட்ட பொருள்கள். கெட்டால் வீசு, புதிது வாங்கு என்பதைத் தவிர அவை வேறு எதையும் கற்பிப்பதில்லை. ஒரு பொருள் ஏன் இயங்குகிறது என்று அறியாத பிள்ளை, அது நின்றுவிட்டால் என்ன செய்வதென்றும் அறியாது. இந்த இயலாமை பொருளோடு நிற்காமல் மனத்திலும் படிந்துவிடும் என்பதே என் அச்சம்.

இத்தாலிய வண்டிதான் வேண்டும் என்பதில்லை. வீட்டு மூலையில் கிடக்கும் பழைய மிதிவண்டி போதும். பாட்டியின் தையல் இயந்திரம் போதும். விடுமுறை நாளில் பிள்ளையோடு அமர்ந்து கழற்றுங்கள், துடையுங்கள், மீண்டும் பூட்டுங்கள். கை கறுக்கட்டும், சட்டையில் எண்ணெய் படட்டும். உங்கள் வட்டாரப் பட்டறையில் காதால் கேட்டே பழுதைச் சொல்லும் முதியவர் ஒருவர் இருப்பார். அவரிடம் மாணவர்களை ஒருநாள் அழைத்துச் செல்லுங்கள். அவருடைய அறிவு எந்தப் பாடநூலிலும் ஏறவில்லை. அவரோடு அது போய்விட்டால், பிறகு எந்த விலை கொடுத்தும் வாங்க முடியாது.